பழைய பாணியில் டிசைன் கேட்டு வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போஸ்டர். "அறுபதுகள் ஹிப்பி ஸ்டைல், எழுத்தெல்லாம் உருகி ஓடணும்" என்றார்கள். 1966இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்குக்கு வெஸ் வில்சன் செய்த போஸ்டர்கள்தான் அவர்கள் மனதில். அந்த எழுத்தின் மூலம் வியன்னா. ஆல்ஃபிரட் ரோலர் என்ற ஓவியர் 1903இல், செசஷன் என்ற கலைஞர் குழுவின் கண்காட்சிக்கு வரைந்தது. பெர்க்லியில் நடந்த ஒரு பழைய ஜெர்மன் போஸ்டர் கண்காட்சியின் கேட்டலாக்கில் வில்சன் கண்ணில் பட்டிருக்கிறது. ஆக, நான் எடுக்கப் போனதே கடன் வாங்கிய சரக்கு.

சிக்கல் தமிழில் வந்தது. ரோலரின் எழுத்து ஒவ்வொன்றும் கட்டம் நிறைந்த கட்டி, உள்ளே கீற்றளவுதான் வெள்ளை. நம் 'கி' மேலே கொக்கி போடும், 'மு' கீழே இறங்கும், புள்ளி தனியே மிதக்கும். மேல்வரி எழுத்து இறங்குகிற இடத்தில் கீழ்வரியைக் குழித்தேன். புள்ளியை எழுத்துக்குள்ளேயே ஓட்டையாக வெட்டினேன். அப்புறம்தான் அது தமிழ் போஸ்டராகவே தெரிந்தது. "படிக்க முடியல" என்றார்கள். வில்சனுடையதும் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தேதியை மட்டும் சாதா எழுத்தில் போட்டுக் கொடுத்தேன்.

---

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருந்தவன் நான். கடலைமிட்டாய் டப்பாவுக்குப் பழைய தீப்பெட்டி லேபிள் மாதிரி ஒரு ஃபைல் வந்தது. சிவப்பு விலகி மஞ்சள் தெரிகிறது. மெஷின்காரர் ரெஜிஸ்டர் அவுட், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று மெஷினையே நிறுத்திவிட்டார். "அண்ணே, டிசைனே அப்படித்தான்!" என்று டிசைன் செய்த பையன் ஓடி வந்தான். அந்தக் காலத்தில் இப்படி வந்தால் ஷீட்டைக் கழித்துப் போடுவோம், இன்றைக்கு அதற்குக் காசு!

ஆனால் ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுப் பிளேட்; அது நகர்ந்தால் அந்த நிறம் மொத்தமும் ஒரே பக்கம்தான் நகரும். அவன் ஃபைலில் யானையின் சிவப்பு இடப்பக்கம் விலகியிருக்கிறது, எழுத்தின் சிவப்பு வலப்பக்கம். சொன்னதும் புரிந்துகொண்டு மாற்றிக் கொடுத்தான். கெட்டிக்காரப் பையன்.

---

என்னிடம் வந்தது கல்யாணப் பத்திரிகை. மீனாட்சி கல்யாணம் காலண்டர் படத்தை அப்படியே வரைந்து, அம்மன் முகத்தை மட்டும் பெண்ணின் முகமாக்க வேண்டுமாம். முகம் மாற்ற மாட்டேன் என்றேன். சட்டகத்தையும் நிறங்களையும் எடுத்துக்கொண்டு, அடியில் சின்னதாக 'கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் பாணியில்' என்று அந்தக் காலண்டர் ஓவியர் பேரைப் போட்டேன். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பேர் போட்டா அவங்க காசு கேப்பாங்களா தம்பி?"