காவல்துறை கணினித் தடயப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

என் தங்கைக்கு அந்தப் பிரிவில் சீருடை இல்லாத வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். சம்பளம், பணிப் பாதுகாப்பு எல்லாம் சரி. ஆனால் பறிமுதல் செய்த போன்களில் இருக்கும் குழந்தைகள் மீதான கொடுமைப் படங்களை நாள் முழுக்கப் பார்த்து வகை பிரிக்க வேண்டியிருக்குமாம், வழக்கு விவரம் என்பதால் வீட்டில் சொல்லி அழவும் முடியாது. வேலையில் திரும்பத் திரும்ப இப்படிப் பார்ப்பதும் மன அதிர்ச்சி நோய்க்குக் காரணமாகலாம் என்று 2013-ல் வெளிவந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடே சொல்கிறது.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, நடுநடுவே எழுந்து போவது எல்லாம் உண்மையிலேயே உதவுகிறதா? அப்புறம், மனநல ஆலோசனைக்குப் போனால் அது பதவி உயர்வைப் பாதிக்குமா, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டால் தருவார்களா? அவள் ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.