ஆண்டு விழாவும் முளைக்காத பனைவிதைகளும்

கேள்வி: நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐப்பசியில் குளக்கரையில் மாணவர்கள் நட்ட பனைவிதைகளை ஏப்ரல் மாத ஆண்டு விழாவில் பெற்றோருக்குக் காட்ட எண்ணியிருந்தோம். பல இடங்களில் இன்னும் எதுவும் தலைகாட்டாததால் பிள்ளைகள் வாடிப்போயிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: வணக்கம் அம்மா. பனைவிதை முதலில் மண்ணுக்குள் கிழங்கு இறக்கி, மாதக்கணக்கில் கழித்தே ஒற்றைக் குருத்தோலையை மேலே விடும் என்பதால், விதை பட்டுப்போனதென்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு விதையைப் பக்குவமாகத் தோண்டிக் கிழங்கை மேடையில் காட்டுங்கள்.

பதில் 2: தின்பண்டத்தை ஓலைக் கொட்டானில் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், சென்ற ஆண்டு ஒரு விழா முடிந்த மறுநாள் அவை வாய்க்காலில் மிதந்ததைக் கண்டு நெஞ்சு பொறுக்கவில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. கொட்டான் முடையும் ஆச்சி ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். நாளையே பிள்ளைகளோடு சென்று சொல்லிவைக்கிறேன்.