அம்மாவின் முதுகுவலிக்குக் கால்நீள வேறுபாடு காரணமாக இருக்குமா?

அனைவருக்கும் வணக்கம். 52 வயதான என் அம்மாவுக்கு எட்டு மாதங்களாக இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம் மட்டும் வலிக்கிறது, கால் மரத்துப்போவதில்லை. அவருடைய இடது செருப்பின் குதிகால் எப்போதும் முன்னதாகத் தேய்வதையும், புடவைக் கொசுவம் ஒருபுறம் தரையைத் தொடுவதையும் அண்மையில்தான் கவனித்தேன்.

எலும்பே நீளம் குறைந்திருந்தாலும், தசை இறுகி இடுப்பெலும்பு சாய்ந்ததால் கால் குட்டையாகத் தோன்றினாலும், முதுகெலும்பு ஒருபுறம் வளைந்து ஈடுகட்டும் என்று அறிகிறேன். ஆனால் சில மில்லிமீட்டர் வேறுபாடு வலியே இல்லாத பலருக்கும் இருப்பதால், அதையே காரணமென்று முடிவுகட்ட மனம் வரவில்லை. நாடாவால் அளந்தபோது 8 மில்லிமீட்டர் வந்தது, ஆனால் நாடா அளவு எளிதில் பிழையாகும்.

நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்களும், இயன்முறைப் பயிற்சியோ குதிகால் அட்டையோ (உயரத்தைச் சரிக்கட்டக் காலணிக்குள் குதிகாலுக்கு அடியில் வைப்பது) பயன்படுத்தியவர்களும், எது உதவியது, முதலில் எந்த மருத்துவரை அணுகினீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.