லெப்பர்ட் கெக்கோ முட்டைகள் பாதியில் கெட்டுப்போகின்றன

வணக்கம். டொரன்டோ ஸ்கார்பரோவில் இருக்கிறேன். நான் வளர்க்கும் பெண் லெப்பர்ட் கெக்கோ (பல்லி வகை, 2 வயது, 62 கிராம்) இந்தப் பருவத்தில் இடும் முட்டைகள் மூன்றாம் வாரத்தில் குழி விழுந்து, மஞ்சளாகிக் கெட்டுவிடுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிகின்றன, அதனால் கரு பிடித்த முட்டைகள்தான்.

இன்குபேட்டர் 27 டிகிரி செல்சியஸ். வேறொரு வெப்பமானி வைத்தும் சரிபார்த்தேன். முட்டைகளை வைக்கும் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமம். அதே போன்ற பெர்லைட்டுக்கு மாற்றியும் பலனில்லை. முட்டையை உருட்டாமல், மேற்புறம் பென்சிலால் குறியிட்டே எடுக்கிறேன். கால்சியம், டி3 பொடி தூவிய பூச்சிகள்தான் தீனி, கொழுப்பைச் சேமிக்கும் வாலும் இளைக்கவில்லை. மருத்துவரிடம் மலப் பரிசோதனையும் செய்தாயிற்று, ஒட்டுண்ணி இல்லை.

ஜோடி சேர்க்கும் முன்பே வம்சாவளி பார்த்துவிட்டேன், எனிக்மா கலப்பு இல்லை. தலை சாய்ந்து சுற்றிச் சுற்றி வரும் நரம்புக் கோளாறு உள்ள வகை அது, அதைப் பெருக்கவே கூடாது. ஆணை இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். ஆனால் சேமித்த விந்தால் அவள் இன்னும் முட்டையிடுவாள், உடம்பு தாங்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

கோளாறு இன்குபேட்டர் ஈரப்பதத்திலா, தாயின் கால்சியத்திலா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?