தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் சிகரெட்டும்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

செம்பனைக்காட்டு அக்கா:
போன வெள்ளிக்கிழமை. மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கடைவரிசை தெரியும்தானே, அங்கேதான். எங்கள் லயத்துப் பிள்ளை, படிவம் நான்கு, பள்ளி உடுப்போடு நின்றாள். என்னைக் கண்டதும் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, "வணக்கம் ஆன்ட்டி" என்றாள். நானும் ஒன்றும் தெரியாதவள்போல அம்மா நலமா, பரீட்சை எப்போது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. கையைத் திறக்கவே இல்லை. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது, நெருப்பு அணையவில்லை. நான் பேசிய நேரமெல்லாம் அது அவள் கையைச் சுட்டிருக்கிறது.

பழைய டிரஸ்ஸர்:
என் மருந்தகத்துக்கும் ஒரு பிள்ளை இருமல் மருந்து கேட்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். கேட்டால் மஞ்சள் அரைத்தேன் என்றாள். சரி, அது இருக்கட்டும். அம்மா, நீங்கள் முதலில் பெற்றோரிடம் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிகரெட்டோ வேப் என்கிற மின்சிகரெட்டோ விற்பது 2024 அக்டோபர் 1 முதல் புதுச் சட்டப்படி குற்றம். விற்ற கடைக்காரரை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பிடிக்காதீர்கள். நிக்கோட்டின் இழுத்த சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும், இந்த வயதில் சீக்கிரம் பிடித்தும் கொள்ளும். நிறுத்தினால் முதல் சில நாள்தான் ரொம்பக் கடுமை. ஆசை வரும்போது தண்ணீர் குடிக்கட்டும், கொஞ்சம் நடக்கட்டும், சில நிமிடத்தில் தணியும். அரசாங்க கிளினிக்கில் இதற்கென்றே ஆலோசனை தருகிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

கம்பத்துப்பெண்:
ஐயா, பெற்றோரிடம் சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும். கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவார்கள்? நான் 16 வயதில் பிடித்தவள். பள்ளியில் குண்டு என்பார்கள். ஃபேக்டரிக்குப் போகும் அக்கா ஒருத்தி, இழுத்தால் பசிக்காது என்றாள். முதல் இழுப்பில் வாந்தி வந்தது. அதோடு விட்டிருப்பேன். ஆனால் என் அண்ணன் அப்பா முன்னாலேயே ஊதுவான், அம்மாவே லைட்டர் எடுத்துக் கொடுப்பார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன என் பாட்டி வெற்றிலைக்குள் புகையிலை வைத்துத்தான் மென்றார், அதையும் யாரும் கேட்டதில்லை. என் பையில் ஒரு சிகரெட் கிடைத்த அன்று மட்டும் "பொம்பளைப் பிள்ளையா நீ" என்று சித்தப்பா வரை வந்து கேட்டார்கள். ஏன் பிடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்திலேயே இன்னும் ஆறு வருடம் பிடித்தேன். வாசம் தெரியாமல் இருக்க கொய்யாக் கொழுந்தை மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.
அக்கா, அந்தப் பிள்ளையின் கைக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

செம்பனைக்காட்டு அக்கா:
மருந்து வாங்கிவிட்டேன், நாளைக்குக் கொண்டுபோகிறேன். ஆனால் தங்கச்சி, கொய்யா இலை என்று எழுதியிருக்கிறாயே. எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொய்யா மரத்தில் கைக்கு எட்டுகிற கிளையில் ஒரு கொழுந்து இல்லை. ஆடு மேய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.