‘ஆப்சல்யூட் எல்ஸ்வேர்’: முதல் முறை கேட்டபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

அமெரிக்காவின் டென்வர் நகரத்தைச் சேர்ந்த பிளட் இன்கன்டேஷன் என்ற டெத் மெட்டல் (உறுமும் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கடும் ராக் வகை) குழுவின் இந்த இசைத்தொகுப்பு 2024 அக்டோபர் 4 அன்று வெளியானது. சில காலம் ஆகிவிட்டதால், முதன்முறை கேட்டபோது அது எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்ளலாம். மதிப்பெண்கள் வேண்டாம்.

என் கதை சற்று வெட்கக்கேடானது. மொத்தம் சுமார் 44 நிமிடங்கள் கொண்ட இத்தொகுப்பில் ‘தி ஸ்டார்கேட்’, ‘தி மெசேஜ்’ என்று இரண்டே படைப்புகள்தாம் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று ‘டேப்லட்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. (மாத்திரையா என்று என் தங்கை கேட்டாள். பழங்காலக் களிமண் பலகைகளைத்தான் சொல்கிறார்கள் என்றேன். ஆனால், நம் இலக்கணத்தில் மாத்திரை என்பது கால அளவும் அல்லவா என்று பிறகு தோன்றியது.) நான் கட்டணம் செலுத்தாத செயலியில் கேட்டதால், முதல் பலகை இரண்டாவதற்குள் நழுவ வேண்டிய அதே நொடியில் ஒரு பெண் குரல் தங்க நகைகளுக்குச் சேதாரம் கிடையாது என்று அறிவித்தது. அதன்பின் வந்த சின்தசைசர் (மின்னணு இசைக்கருவி) பகுதி எனக்குத் தொடர்பில்லாத இடைச்செருகலாகவே கேட்டது. கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நண்பர்களிடம் குறையும் சொன்னேன். மறுவாரம் இடையூறின்றிக் கேட்டபோதுதான், முதல் பலகையின் முடிவிலேயே அந்தச் சின்தசைசருக்கான வழி திறந்திருப்பது காதில் விழுந்தது. ஒட்டு தெரிந்தது உண்மைதான். ஆனால் அதைப் போட்டவர் நகைக்கடைக்காரர்.

* * *

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து டெத் மெட்டல் கேட்டுவருபவன் என்ற முறையில் சற்று மாறுபட்டு எழுதுகிறேன். இக்குழுவின் 2019 தொகுப்பை நான் தலையில் வைத்துக் கொண்டாடினேன். 2022-இல் ‘டைம்வேவ் சீரோ’ என்ற பெயரில் டிரம்ஸே இல்லாத சின்தசைசர் இசையை வெளியிட்டபோது, ஆசைப்பட்டதைச் செய்து பார்க்கிறார்கள், திரும்பிவிடுவார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது அவர்கள் திரும்பவில்லை. போன இடத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

‘தி ஸ்டார்கேட்’ தொடங்கிய வேகத்தில் நாற்காலி நுனிக்கு வந்தேன். சில நிமிடங்களுக்குள் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) விலகி, கிட்டார் புகைபோல் மிதக்கத் தொடங்கியதும் எழுந்துபோய்க் காபி கலந்துகொண்டு வந்தேன். அதுகூடப் பரவாயில்லை. ‘தி மெசேஜ்’ இரண்டாம் பலகையில் உறுமலை விட்டுவிட்டுத் தெளிந்த குரலில் பாடுகிறார்களே, அங்கே செருப்பைக்கூடக் கழற்றாமல் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் எனக்கு இருந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1993-இல் வந்த சினிக் குழுவின் ‘ஃபோகஸ்’ தொகுப்பை, அதில் வரும் இயந்திரக் குரலுக்காகவே பாதியில் நிறுத்திவிட்டுப் பல ஆண்டுகள் தொடாமல் இருந்தவன் நான். இன்று அதை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஆகையால் என் எரிச்சலை நானே முழுமையாக நம்புவதில்லை.

* * *

எனக்கு வயது 63. டெத் மெட்டலுக்கும் எனக்கும் எந்த உறவும் இருந்ததில்லை. ஜெர்மனியின் மின்னணு இசைக் குழுவான டாஞ்சரின் ட்ரீமின் 1974-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ஃபேட்ரா’வை நாடா தேயும்வரை கேட்டவன் என்பது தெரிந்ததால், “அப்பா, இதில் உங்கள் ஆட்கள் வருகிறார்கள்” என்று சொல்லி மகன் ஹெட்போனைக் கொடுத்தான். டாஞ்சரின் ட்ரீமை நிறுவிய எட்கர் ஃப்ரோசு 2015-இல் மறைந்தபின் அக்குழுவை வழிநடத்தும் தோர்ஸ்டன் க்வேஷ்னிங், ‘தி ஸ்டார்கேட்’ இரண்டாம் பலகையில் இவர்களோடு இணைந்து வாசித்திருக்கிறார். தொகுப்பு பதிவானதும் பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 1977-இல் ‘ஹீரோஸ்’ பதிவு செய்த இடம் அது.

அவன் நேராக அந்தப் பகுதியையே ஓட விட்டான். ஒரே சுரக்கோவை சலிக்காமல் சுழல, மேலே ஒலிப்படலம் மெல்ல நிறம் மாறுவதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. அது முடியும் தறுவாயில் டிரம்ஸ் இடிந்து விழ, நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிய, மகன் சிரித்தான். அன்றிரவு தனியாக, தொடக்கத்திலிருந்து கேட்டேன். பிளட் இன்கன்டேஷனின் பாடகர் பால் ரீடலின் குரலில் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தவரை அது வெறும் இரைச்சலாகவே இருந்தது. தேடுவதை விட்டு, மற்றொரு தாழ்ந்த வாத்தியமாக அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சுற்றியிருந்த கிட்டார்கள் என்ன செய்கின்றன என்பது கேட்டது. விருப்பம் வந்துவிட்டதா என்றால், பாதி வந்திருக்கிறது. காலையில் மட்டும் கேட்க முடிவதில்லை.

* * *

காபி கலக்கப் போன நண்பருக்கு: அந்த இடத்தில் நீங்கள் பேஸ் கிட்டாரைத் தவறவிட்டிருப்பீர்கள்.

நான் பேஸ் வாசிப்பவன் என்பதால் முதல் கேட்பிலேயே என் காது ஜெஃப் பாரெட்டைப் பின்தொடர்ந்தது. அவர் வாசிப்பது ஃப்ரெட் இல்லாத பேஸ். உலோகக் கட்டைகள் சுரத்தைத் தடுத்து நிறுத்தாததால், வயலினில் ஜாரு விழுவதுபோல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியும். டெத் மெட்டலுக்கு இது புதிதன்று. ‘டெத்’ என்ற பெயர்கொண்ட குழுவின் 1993 தொகுப்பிலேயே ஸ்டீவ் டிஜார்ஜியோ இதை வாசித்திருக்கிறார். ஆனால் இங்கே டிரம்ஸ் வாசிக்கும் ஐசக் ஃபாக்கினுடையதுபோல் ப்ளாஸ்ட் பீட் (இடைவிடாத அதிவேக டிரம்ஸ் அடி) பொழியும்போது பேஸ் அடியில் புதைந்துவிடுவதுதான் இவ்வகை இசையில் வழக்கம். இங்கே வேகம் தணியும்தோறும் அது மேலே வந்து பேசுகிறது, மறுபடி வேகம் கூடும்போது பேச்சை முடிக்காமலேயே உள்ளே போகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டவனுக்கு உறுமலிலிருந்து மிதப்புக்கு மாறுவது தாவலாகத் தெரிவதில்லை. ‘தி மெசேஜ்’ இரண்டாம் பலகை குறித்து மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்; அங்கே பேஸும் காப்பாற்றவில்லை.

* * *

எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று முறை முயன்றேன். திறமையில் குறை காணவில்லை, மனம்தான் ஒட்டவில்லை.

* * *

தொடங்கியவனே மீண்டும் எழுதுகிறேன். பேஸ் குறித்த பதிவைப் படித்தபின், நேற்றிரவு நண்பர் வீட்டில் வினைல் தட்டில் கேட்டோம். ஒரு பக்கத்தில் ‘தி ஸ்டார்கேட்’, மறுபக்கத்தில் ‘தி மெசேஜ்’. முதல் பக்கம் முடிந்து ஊசி உட்பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருக்க, எழுந்து தட்டைத் திருப்ப எங்கள் இருவருக்குமே சிறிது நேரம் தோன்றவில்லை. ‘தி மெசேஜ்’ இரண்டாம் பலகையை இன்னும் எனக்குப் பிடிக்கிறது. அதைக் குறைசொன்ன நண்பர்கள் இருவரும் மன்னிக்க வேண்டும்.