மிலிட்டரி நர்ஸுக்குக் காயம்பட்டவங்களைத் தூக்கறதுல தனியா என்ன சொல்லித் தர்றாங்க?

பெருந்துறைப் பொண்ணு:
தங்கச்சி நீட் எழுதிட்டு மிலிட்டரி நர்சிங்தான்னு நிக்கறாங்க. நாலு வருசம் படிச்சா லெப்டினன்ட்டுனு தெரியும். நானும் இங்க பிஎஸ்சி நர்சிங் மூணாம் வருசம். எங்களுக்கு இல்லாத பாடம் அங்க என்ன இருக்குங்க?

அன்னூர் அக்கா (மிலிட்டரி நர்ஸ், ஓய்வு):
பாடம் ஒண்ணுதான் அம்மிணி, வரிசை மாறும். நீங்க மூச்சுக்குழாய்ல ஆரம்பிப்பீங்க. குண்டடி பட்டவனுக்கு மொதல்ல ரத்தத்தை நிறுத்தோணும். தொடை நாளம் அறுந்திருந்தா, மூச்சைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள ஆளு போயிருவான். டூர்னிக்கேவை, அதாவது ரத்தத்தை நிறுத்த முறுக்கிக் கட்டற பட்டையை, காயத்துக்கு நாலு விரக்கடை மேல கட்டோணும், மூட்டு மேல ஆகாது. ரத்தம் நிக்கற வரைக்கும் முறுக்கோணும். கத்துவான், தளர்த்திறாதே. கட்டின நேரத்தை அவன் மேலயே எழுது. 2 மணி நேரம் தாண்டினா காலுக்கே ஆபத்து, அடுத்த டாக்டர் மொதல்ல கேக்கறது அதைத்தான்.

பயிற்சியில ஒருக்கா நான் எழுத மறந்துட்டேன். "நீயே காயம்பட்டவளாப் படு"ன்னு ஸ்ட்ரெச்சர்ல போட்டு மைதானம் பூரா சுத்த வெச்சாங்க. தூக்கின ரெண்டு பேரும் புதுசு. முன்னாடி பின்னாடி ஒரே காலை எடுத்து வெச்சா தொட்டிலாட்டம் ஆடும், மாத்தி வெக்கோணும். அது தெரியாம நடந்தாங்க, நான் வாந்தியே எடுத்துட்டேன். படுத்துப் பார்க்காம தூக்கறது வராதுங்கறது என்ர எண்ணம்.

விமானத்துல தூக்கிட்டுப் போறது வேற கதை. மேல போகப் போகக் காத்து விரியும். மூச்சுக்குழாய்க்குள்ள போடற டியூபோட பலூன்ல காத்து இருந்தா உப்பி உள்சதையை அழுத்தும், அதனால காத்துக்குப் பதிலா சலைன் (உப்புத்தண்ணி) நிரப்பறது உண்டு. நெஞ்சுக்கூட்டுல காத்து சேர்ந்தவனை டியூப் போட்டு வடிக்காம ஏத்த மாட்டோம். இரைச்சல்ல ஸ்டெதஸ்கோப் பொம்மைதான். நெஞ்சு ஏறி இறங்கறதைக் கண்ணுல பார்க்கோணும்.

சத்தி 108:
அக்கா, நமக்கு விமானமெல்லாம் இல்லீங்க, திம்பம் மலைப்பாதையில ஆம்புலன்ஸ்தான். 27 கொண்டை ஊசி. பாதி மலை எறங்கறதுக்குள்ள ட்ரிப் ஊசி பிடுங்கிக்குது.

அன்னூர் அக்கா:
ஊசிக்குப் பக்கத்துல டியூபை ஒரு வளையமா மடக்கி பிளாஸ்திரி போடு தம்பி. இழுத்தா வளையம் இழுபடும், ஊசி அசையாது. கெளம்பறதுக்கு முன்னாடியே ஒட்டீரு. ஓடற வண்டியில ஒட்டினா உன்ர விரல்தான் ஒட்டும்.

பெருந்துறைப் பொண்ணு:
வளையம் எங்க வார்டுலயும் போடறதுதானுங்க. எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. தங்கச்சி எங்க போய்ப் படிக்கோணும்?

அன்னூர் அக்கா:
புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூரு. பெங்களூரு கெடைச்சா ராத்திரி ரயில்ல வந்துட்டுப் போகலாம். இந்தி மட்டும் இப்பவே கத்துக்கச் சொல்லு.